ஆறு மாதக் கெடு உங்கள் மேசையில்தான் ஓடுகிறது: விபத்து வழக்கு விசாரிக்கும் காவல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களிலும் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுகளிலும் விபத்து வழக்குகளைப் பார்க்கும் ஆய்வாளர்களுக்கும், உதவி ஆய்வாளர்களுக்கும், நிலைய எழுத்தர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் குமாஸ்தா. எங்கள் அலுவலக அலமாரியில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி. கட்டுகள்தான், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள். உங்கள் நிலையத்தில் எழுதப்படும் எஃப்.ஐ.ஆரும் மகஜரும் வரைபடமும் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும். ரைட்டர்களில் பலருக்கு என் முகம் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. விபத்து நடந்த பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் கையில் அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவம் 2 போய்ச் சேர வேண்டும், 90 நாளுக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு உங்கள் விரிவான அறிக்கை போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஏற்கெனவே சட்டம் உங்களிடம் ஒப்படைத்த வேலை. நானாகப் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை.

ஏன் இப்போது இதற்கு இவ்வளவு அவசரம் என்றால், கெடு மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தபோது, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று அதன் பிரிவு 166(3) சொன்னது. தக்க காரணம் காட்டினால் பன்னிரண்டு மாதம் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம் என்றும் சொன்னது. அது ஏழைகளைத்தான் அடிக்கிறது என்று பார்த்து 1994-ல் அந்த உட்பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சுமார் 27 வருடம் காலக்கெடு என்ற பேச்சே கிடையாது. மூன்று வருடம் கழித்து வந்தாலும் மனு நம்பர் ஆகும், அதாவது கோப்பில் ஏறும். மக்கள் மனதில் இன்னும் அந்தக் காலம்தான் இருக்கிறது. "கிளைம் எப்ப வேணா போடலாம், முதல்ல ஆள் தேறட்டும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது அதை வைத்துத்தான்.

2019 திருத்தம் அந்த ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த முறை தாமதத்தை மன்னிக்கும் வரியைக்கூட அதில் வைக்கவில்லை. கெடு ஓடத் தொடங்குவது விபத்து நடந்த நாளிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆன நாளோ, குற்றப்பத்திரிகை போட்ட நாளோ, உயிர் பிரிந்த நாளோ கணக்கில் வராது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. அவை முடியும்வரை காலாவதி என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவால்தான் பல கட்டுகள் இன்று உயிரோடு இருக்கின்றன. ஆனால் அது இடைக்காலம் மட்டுமே. நாளை இறுதித் தீர்ப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்த வக்கீலும் கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார். அதை நம்பி ஆற அமர இருக்கலாம் என்று யாருக்கும் நாங்கள் சொல்வதில்லை.

கெடுவைத் திரும்பக் கொண்டுவந்த அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அதை யாரும் பேசுவதில்லை. பிரிவு 159-ன்படி நீங்கள் விபத்துத் தகவல் அறிக்கை தயாரித்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வரும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 166(4). அதாவது குடும்பம் வக்கீலைப் பார்க்காவிட்டாலும், சட்டமே தெரியாவிட்டாலும், உங்கள் அறிக்கை போனாலே மனு போட்டதாகத்தான் அர்த்தம். ஆறு மாதக் கெடுவைச் சட்டம் தைரியமாகப் போட்டதே, மூன்று மாதத்தில் காவல்துறை அறிக்கை அனுப்பிவிடும் என்ற கணக்கில்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த அறிக்கை போகவில்லை என்றால் மிஞ்சுவது கெடு மட்டும்.

2022-ல் வந்த மத்திய விதிகள் நாள் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டன. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, பத்து நாளில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம், இதற்கென்றே நிலைய அளவிலோ ஊர் அளவிலோ பயிற்சி பெற்ற தனிப் பிரிவு அமைக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சட்டம், விதி, தீர்ப்பு மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றன. நடைமுறைதான் வேறு திசையில் போகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் "ஸ்டேஷன்ல ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க" என்று சொன்னவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களிலும் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்ன ஃபார்ம் என்று சொல்லவில்லை.

ஒரு கட்டைப் பற்றிச் சொல்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டியவர். உளுந்தூர்பேட்டை தாண்டிப் பின்னாலிருந்து லாரி இடித்தது. தலைக் காயம். அரசு மருத்துவமனையில் சேர்த்து, அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி சேர்த்து, ஐந்தாம் மாதம் இறந்துவிட்டார். முதலில் எஃப்.ஐ.ஆர். பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுங்காயத்துக்கான 125(பி)-யில் இருந்தது. இறந்த பிறகு, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 106(1)-க்குப் பிரிவு மாற்றினார்கள். பிரிவு மாற்றும்போது அவர் மனைவியை நிலையத்துக்கு வரவழைத்து வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்குக் கெடு முடிய இன்னும் நான்கு வாரம் பாக்கி. எதிரில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடித்து, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து, எட்டாவது மாதம் எங்களிடம் வந்தார். இடைக்கால உத்தரவைக் காட்டித்தான் மனுவை நம்பர் பண்ணினோம். காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரையில் முதல் பத்தியே காலாவதி பற்றித்தான். அவர்கள் வக்கீல் அப்படித்தான் எழுதுவார், அது அவர் தொழில். ஆனால் அந்தப் பத்தியை எழுத இடம் வைத்தது யார்?

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கும்போது, "அம்மா, வாரிசுச் சான்றுக்காகக் காத்திருக்காதீங்க, மனுவை முதல்ல போட்டுடுங்க, சான்று பிறகு தாக்கல் பண்ணலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மக்கள் எதற்காகவெல்லாம் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. பெரும்பாலானவர்கள் கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று இருக்கிறார்கள். அது ஆறு மாதத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் சம்பந்தமும் இல்லை. டிரைவர் அங்கே விடுதலையானாலும், தீர்ப்பாயம் தன் முன்னால் உள்ள சாட்சியத்தை வைத்துக் கவனக்குறைவை முடிவு செய்யும். சிலர் எலும்பில் வைத்த பிளேட்டை எடுத்த பிறகு ஊனச் சான்று வாங்கிக்கொண்டு போடலாம் என்று இருப்பார்கள். மருத்துவக் குழுவின் சான்று விசாரணையின்போது வந்தால் போதும். சிலர் குற்றப்பத்திரிகைக்கு. அதுவும் வேண்டாம், எஃப்.ஐ.ஆர். நகலே மனுவை நம்பர் பண்ணப் போதுமானது. வெளியூரில் விபத்து நடந்துவிட்டது, அங்கே போய் வழக்கு நடத்த முடியாதே என்று சும்மா இருந்துவிடுபவர்களும் உண்டு. விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலும் போடலாம்.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 34 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபணம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார். உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 25,200 ஆகிறது. சார்ந்திருப்பவர் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 18,900. வருடத்துக்கு 2,26,800. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16. ஆக 36,28,800 ரூபாய். ஈமச் செலவு, துணையிழப்பு போன்றவை தனி. இன்னொரு பக்கம், யார் தவறு என்றே பார்க்காமல் பிரிவு 164-ல் கிடைக்கும் தொகை, இறப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். காப்பீட்டு நிறுவனத்தோடு உடன்பட்டு முடிக்கும் பிரிவு 149-ன் நடைமுறைப்படி அந்த 164 தொகையை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு செத்துவிடும் என்பது இந்தக் குடும்பங்களுக்குத் தெரியாது. உடனே பணம் வேண்டும் என்ற நிலையில் ஐந்து லட்சத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முப்பதைத் தாரை வார்த்துவிடுவார்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு 164 ஒரு வரம்தான், அதை நான் மறுக்கவில்லை. தெரிந்து வாங்கட்டும் என்கிறேன்.

இதைவிடக் கேவலமானது நிலைய வாசலில் நடக்கும் "பேசி முடிப்பது". வண்டி முதலாளி இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுப்பார், வழக்கு வேண்டாம் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவார்கள், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதோடு நின்றுவிடும். சில நிலையங்களில் அதை நல்லெண்ணத்தோடு செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரி செலவுக்காவது ஆகட்டுமே என்று. ஆனால் அந்த ஐம்பதாயிரத்துக்கு எதிர்த்தட்டில் இருப்பது மேலே போட்ட கணக்கு. ஆவணமெல்லாம் சரியாக இருந்தால் முதலாளி பையிலிருந்து ஒரு பைசா போகாது, காப்பீட்டு நிறுவனம் கட்டியிருக்கும். காப்பீடு இருந்தும் முதலாளிகள் ஏன் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள் என்றால், பல நேரம் பெர்மிட்டிலோ ஓட்டுநர் உரிமத்திலோ ஏதாவது ஓட்டை இருக்கும். அதை விசாரிக்க வேண்டியவர் நீங்கள்.

காப்பீடே இல்லாத வண்டி என்றால் கதை வேறு. உரிய ஈடு கட்டாமல் அப்படிப்பட்ட வண்டியை விடுவிக்கக் கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்.வி.ஐ., அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து முடித்த மறுநாளே வண்டி போய்விட்டால், பிறகு தீர்ப்பு வந்தாலும் வசூலிக்க ஒன்றும் இருக்காது. காப்பீடு இல்லாத அரசுப் பேருந்து என்றால் வசூலிக்க வழியே இல்லை என்று ஆகாது. நம் ஊரில் நீதிமன்ற அமீனா பேருந்தை ஜப்தி செய்து வளாகத்தில் நிறுத்துவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கும் பல வருடம் இழுக்கிறது என்பது தனிக்கதை.

அப்புறம் உங்கள் ஆவணங்களின் தரம். இதைச் சொன்னால் கோபப்படக் கூடாது. மாதிரி வரைபடத்தில் சாலையின் அகலம் இருக்காது. வடக்குத் திசைக் குறி இருக்காது. இரண்டு பெட்டி போட்டு "அ", "ஆ" என்று எழுதியிருக்கும், எது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அம்புக்குறி இருக்காது. பிரேக் போட்ட டயர் தடம் எங்கே தொடங்கியது, கண்ணாடிச் சில்லு சாலையின் எந்தப் பாதியில் கிடந்தது, எதுவும் இல்லை. காப்பீட்டு வக்கீல் அந்த ஒரு தாளை வைத்து "இருசக்கர வாகனம் நடுச்சாலையில் வந்தது" என்று அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வார். பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது அடிபட்டவர் பக்கமும் தவறு என்று முப்பது சதவீதம் கழிந்துவிட்டால், மேலே போட்ட கணக்கில் சுமார் பதினோரு லட்சம் போச்சு. ஒரு அம்புக்குறி போட மறந்ததற்கு.

இன்னொன்று, புகார் யார் கொடுத்தது என்பது. பைக்கில் போனவர் நினைவில்லாமல் ஐ.சி.யூ.வில் கிடப்பார். சிராய்ப்புகூட இல்லாத கார் டிரைவர் நேராக நிலையத்துக்கு வந்து முதலில் புகார் எழுதிக் கொடுத்துவிடுவார். எஃப்.ஐ.ஆரில் காயம்பட்டவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார். விசாரணையில் உண்மை வேறு என்று தெரிந்தால் அதை எழுத்தில் மாற்றுங்கள். "ஆக்சன் டிராப்டு", அதாவது மேல்நடவடிக்கை இல்லை என்று ஒரு வரியில் மூடிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அதோடு எல்லாக் கதவும் கனமாகிவிடுகிறது.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் தீர்ப்பாயம் இல்லை, வேறு வழி. இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. விண்ணப்பம் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் போகும், ஆட்சியர் அனுமதிப்பார். சிறிய தொகைதான். இருந்தாலும் வாங்குவோர் மிகக் குறைவு என்று பார்த்துத்தான் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியவில்லை என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி இந்தத் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. தமிழ்நாட்டுக்காரர் வாங்கிய உத்தரவு தமிழ்நாட்டு நிலையங்களிலாவது நடக்க வேண்டாமா?

உங்கள் பக்கத்து நியாயம் தெரியாமல் பேசவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம். திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. வருகை, கோர்ட் டியூட்டி என்று ஓடிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இதையும் எழுத வேண்டும். ஆனால் விவரங்களை நீங்கள் ஏற்கெனவே சேகரித்துவிடுகிறீர்கள் என்பதுதான் வேடிக்கை. விபத்து நடந்த இடத்திலேயே செல்பேசியில் ஐராட் செயலியில் ஏற்றுகிறீர்கள். நம் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய தரவுத்தளம் அது. அதிலிருந்து இ-டார் என்ற மின்னணு விரிவான விபத்து அறிக்கை எடுப்பதற்கான வழியும் இருக்கிறது. எந்த இடத்தில் வளைவு ஆபத்தானது என்று கண்டுபிடிக்க உதவும் அதே தகவல், அந்த வளைவில் செத்தவரின் குடும்பத்துக்குச் சோறு போடவும் உதவலாம். கடைசிப் படி மட்டும்தான் பாக்கி நிற்கிறது.

எங்கள் பக்கத்து அசிங்கத்தையும் மறைக்கவில்லை. பிணவறை வாசலில் நிற்கும் புரோக்கர்களை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். சதவீதக் கூலி பேசுவது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது. இருந்தும் நடக்கிறது. அவர்களுக்குப் பிழைப்பு ஓடுவதே, நீங்கள் சொல்லாமல் விடுகிற தகவலை அவர்கள் சொல்வதால்தான். படிவம் 2 கையில் இருந்து, பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100-க்குக் கூப்பிட்டால் போதும் என்று ஒரு காவலர் சொல்லிவிட்டால் அந்தப் புரோக்கருக்கு அங்கே வேலை இல்லை.

எனவே சில காரியங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கொடுக்கும்போதே படிவம் 2-ஐத் தமிழில் அச்சிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். மேலே கெடு முடியும் தேதியைப் பேனாவால் எழுதி, சிவப்பில் வட்டம் போடுங்கள். விபத்துத் தேதி உங்களுக்குத் தெரியும், ஆறு மாதம் கூட்டினால் போதும். பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டிய படிவம் 6 அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலரைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லுங்கள். காயத்தில் தொடங்கி இறப்பில் முடிந்த வழக்குகளில், பிரிவு மாற்ற அறிக்கை எழுதும் நாளில் அந்தக் குடும்பத்திடம் கெடுவை மறுபடி ஒருமுறை சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் நாள் மிகக் குறைவு. நிலையத்தில் விபத்து வழக்குகளுக்குத் தனிப் பதிவேடு இருக்கும். அதில் 50-ஆம் நாளுக்கும் 90-ஆம் நாளுக்கும் இரண்டு பத்திகள் கூடுதலாகக் கோடு போட்டு, மாதாந்திர ஆய்வுக்கு வரும் டி.எஸ்.பி.யிடம் காட்டுங்கள். மேலதிகாரி கேட்கிற பத்திதான் நிரம்பும் என்பது உங்கள் துறையில் எனக்குத் தெரிந்த வரையில் மாறாத விதி.

90-ஆம் நாள் அறிக்கை தீர்ப்பாயத்துக்கு வந்துவிட்டால், எங்கள் மனு தாமதமானாலும் குடும்பத்தின் உரிமை போகாது. குமாஸ்தாவாக எனக்கு அதில் வேலை குறையும். பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் நிலையங்களில் எஃப்.ஐ.ஆர். நகலுக்காக அடிக்கடி காத்திருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா